நூறு முள்ளோடு ஒரு நத்தை எப்படி வளர்கிறது?

கேள்வி இதுதான்: வாசகர் ஒருவர் கன்னியாகுமரிக் கடையொன்றில் ஒரு சங்கு வாங்கியிருக்கிறார். சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு, உடம்பெல்லாம் மெல்லிய முள், பார்த்தால் தின்று முடித்த மீனின் நடுமுள் மாதிரி இருக்கிறதாம். ஆழ்கடல் சங்கு என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்த உயிர் எது, முள்ளில் விஷம் உண்டா, இத்தனை முள் எதற்கு என்று கேட்கிறார். கூடவே எட்டாவது படிக்கும் அவர் மகளின் கேள்வி: "சங்கு சுற்றிச் சுற்றித்தானே வளரும்? அப்படியானால் முதலில் முளைத்த முள்ளெல்லாம் அடுத்த சுற்றுக்கு வழியை மறிக்காதா?"

அந்தப் பெண்ணை முதலில் பாராட்ட வேண்டும். அவள் கேட்டதில்தான் இந்த உயிரின் பெரிய ரகசியமே இருக்கிறது. அதற்கு விடை தெரிந்த நாளிலிருந்து முள்சங்கைக் கையில் எடுத்தால் எனக்குக் கீழே வைக்க மனசு வருவதில்லை. சரி, கையில் இருப்பது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம்.

சொல்லியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது முரெக்ஸ் பெக்டென். பெக்டென் என்றால் லத்தீனில் சீப்பு. ஆங்கிலத்தில் 'வீனஸின் சீப்பு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் வளரும். நூறுக்கும் மேற்பட்ட முட்கள் இருக்கும். இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் வாழ்கிறது. இந்தப் பெயர் முதன்முதலில் அச்சேறியது 1786-ல், ஒரு ஏலப் பட்டியலில். இங்கிலாந்தில் போர்ட்லாண்ட் கோமகள் வாழ்நாளெல்லாம் சேர்த்த சங்கு, சிப்பி, பழம்பொருட்களை அவர் இறந்த பிறகு ஏலம் விட்டார்கள். விற்று முடிக்க 38 நாட்கள் ஆயின. பட்டியலைத் தயாரித்த ஜான் லைட்ஃபுட் என்ற பாதிரியார்தான் இன்றும் இந்தச் சங்கின் பெயருக்குப் பின்னால் நிற்கிறார்.

முட்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நெருக்கமாக, ஒழுங்காக, நூறுக்கு மேல் இருந்தால் சீப்புதான். முள் குறைவாகவும் இடைவெளி விட்டும் இருந்தால் அது அதன் உறவுக்காரனான முரெக்ஸ் ட்ராபா அல்லது முரெக்ஸ் ட்ரிபுலஸ். நம் விசைப்படகுகளின் இழுவை மடியில் மீனோடு சேர்ந்து வருவதில் ட்ராபாவை அடிக்கடி பார்க்கலாம். கரையில் எல்லாவற்றையும் பொதுவாக முள்சங்கு, முள்ளி என்றுதான் சொல்வார்கள். கனமான, கிளை கிளையாக முள் விரிந்த பெரிய இனத்துக்கு யானை முள்ளி என்று பெயர். இனி நான் சொல்லப்போவது இந்தக் குடும்பம் முழுவதற்கும் ஏறக்குறைய பொருந்தும். இன்று உயிரோடு இருக்கும் இனங்கள் மட்டும் சுமார் 1,600. கடைகளில் பக்கத்திலேயே தொங்கும் ஐவிரல் சங்கை மட்டும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். அதன் விரல்கள் முள் மாதிரி தெரிந்தாலும் அது பாசி மேயும் சாது. முள்ளியோ முழுநேர வேட்டைக்காரன்.

ஆழ்கடல் என்று கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. அலையடிக்கும் கரையில் இவ்வளவு மெல்லிய முள்ளோடு எதுவும் பிழைக்க முடியாது. ஒரே நாளில் மொட்டையாகிவிடும். அதனால் இந்த இனங்கள் அலையின் வேகம் தொடாத, மணலும் சேறும் படிந்த தரையில்தான் இருக்கின்றன. குடும்பத்தில் சில இனங்கள் பல நூறு மீட்டர் ஆழத்துக்கும் இறங்கிவிட்டன. பிலிப்பைன்ஸில் பொஹோல் பக்கத்தில் உள்ள பாங்லாவ் தீவின் மீனவர்கள் இவற்றைப் பிடிக்க ஒரு தனி வழி வைத்திருக்கிறார்கள். லுமுன் லுமுன் என்ற சிக்கு வலையை ஆழமான கடல் சரிவில் இறக்கி நெடுநாள் அப்படியே விட்டுவிடுவார்கள். வலையைச் சுற்றிச் சின்ன உயிர்கள் குடியேறும். அவற்றைத் தின்ன வருபவையும் வலையில் ஏறும். பிறகு மெதுவாக மேலே இழுப்பார்கள். இழுவை மடி தரையோடு உரசும்போது முள் உடையும். இந்த வலையில் ஒரு முள்கூட உடையாமல் வருகிறது. 2004-ல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஃபிலிப் பூஷே தலைமையில் அந்தத் தீவில் நடந்த பெரிய ஆய்வுக்கு அந்த மீனவர்களின் வலைகளும் கைகொடுத்தன.

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன்.

சங்கின் ஓடு நம் எலும்பு போல உடம்பு முழுவதும் சேர்ந்து பெரிதாவதில்லை. அது கட்டிய வீடு. வாசல் விளிம்பில் மட்டும்தான் புதிதாகக் கட்ட முடியும். கட்டுகிற கொத்தனார், மேன்டில் என்ற மெல்லிய சதைத் திரை. ஓட்டுக்குள் போர்வை போல உடம்பை மூடியிருக்கும் அதன் விளிம்பு வாசலுக்கு வந்து சுண்ணாம்பைப் பூசிப் பூசி ஓட்டை நீட்டுகிறது. பல நத்தைகள் இதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டே இருக்கும். முள்ளி அப்படிச் செய்வதில்லை. அதற்கு விட்டு விட்டுத்தான் வேலை. ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கை மெல்லிய சுவராக வேகமாகக் கட்டி முடிக்கும். அங்கே நின்று, விளிம்பைத் தடிப்பாக்கி ஒரு மேடு எழுப்பும். வயலுக்கு வரப்பு போட்ட மாதிரி இருக்கும். அந்த வரப்பின் மேல்தான் முள் வரிசை எழும். பிறகு நீண்ட ஓய்வு. அப்புறம் அடுத்த மூன்றில் ஒரு பங்கு, அடுத்த வரப்பு, அடுத்த முள் வரிசை. உங்கள் சங்கை நுனிப் பக்கத்திலிருந்து பாருங்கள். சுற்றுக்கு மூன்று வரப்பு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 120 டிகிரி இருக்கும்.

ஒவ்வொரு முள்ளும் எப்படி எழுகிறது தெரியுமா? மேன்டிலின் விளிம்பு அந்த இடத்தில் மடிந்து, ஒரு சிறு விரல் போல வெளியே நீள்கிறது. அந்தச் சதை விரலைச் சுற்றிச் சுண்ணாம்பு படிகிறது. வேலை முடிந்ததும் விரல் உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் முள் முழு ஊசியாக இருப்பதில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சங்கின் வாய் இருக்கும் பக்கமாக ஒரு மெல்லிய வாய்க்கால் அடியிலிருந்து நுனிவரை ஓடுவது தெரியும். சதை விரல் கிடந்த தடம் அது.

மேன்டில் ஏன் குறிப்பிட்ட இடைவெளியில் மடிகிறது? 2013-ல் ரெஜிஸ் ஷிரா, டெரெக் மோல்டன், அலன் கொரியேலி என்ற மூவர் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். ஓட்டின் விளிம்பு நீள்வதைவிட மேன்டில் வேகமாக வளர்ந்தால், ஒட்டிக்கொண்டிருக்கும் சதைக்கு இடம் போதாது. சின்னச் சட்டத்தில் பெரிய துணியைப் பொருத்தினால் சுருக்கம் விழுவதுபோல அது அலை அலையாக மடியும். ஓடு அந்த மடிப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த அடுக்கில் அதே இடத்தில் மடிப்பு இன்னும் ஆழமாகிறது. மேன்டில் எவ்வளவு வேகமாக வளர்கிறது, எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதை மாற்றினால் முள்ளின் உருவமும் மாறுகிறது. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத சங்கினங்களில் முள் தனித்தனியாகத் தோன்றியது எப்படி என்பதற்கு இது நல்ல விளக்கம் என்று நினைக்கிறேன். முள்ளுக்கென்று தனித் திட்டம் தேவைப்படவில்லை, வளர்ச்சி வேகத்தில் ஒரு வித்தியாசமே போதும்.

சரி, புதுச் சுவர் சுற்றிக்கொண்டு முன்னே வருகிறது. வழியில் இரண்டு வரப்புக்கு முன்னால் கட்டிய முள் வேலி நிற்கிறது. என்ன செய்யும்?

கரைத்துவிடும். தான் கட்டியதைத் தானே.

எந்த மேன்டில் சுண்ணாம்பைப் படிய வைத்து முள்ளை எழுப்பியதோ, அதே மேன்டில் இப்போது பழைய முள்ளின் அடியைத் தழுவிக்கொண்டு சுண்ணாம்பைக் கரைக்கிறது. மெல்போர்ன் கேரிக்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் இந்தக் குடும்பத்தின் அட்லாண்டிக் இனம் ஒன்றில் இதைக் கவனித்து 1972-ல் எழுதினார். வழியில் நிற்பவை மட்டும்தான் கரைகின்றன. வழியில் இல்லாத முட்கள் அப்படியே நிற்கும். இதற்கும் சாட்சி உங்கள் கையிலேயே இருக்கிறது. கடைசிச் சுற்றில் ஒரு வரிசைக்கு அத்தனை முள் இருக்கிறதே, நுனிப் பக்கம் உள்ள பழைய சுற்றுகளில் வரப்புக்கு ஒன்றிரண்டு குட்டை முள்தானே தெரிகிறது? அவையும் ஒரு காலத்தில் முழு வரிசையாக இருந்தவைதான். அந்த நத்தை சின்ன வயதில் கட்டிய முட்களில் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டுத்தான் இந்த அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இவ்வளவு செலவு எதற்கு என்ற கேள்வி இங்கேதான் கனமாகிறது. கட்டுவதற்கும் சக்தி வேண்டும், கலைப்பதற்கும் சக்தி வேண்டும். அவ்வளவும் கொடுத்து வைத்துக்கொள்ளும் முள், அழகுக்காக இருக்க முடியாது.

எனக்குப் பிடித்த விடை ரிச்சர்ட் பாமர் என்பவர் பனாமாவின் பசிபிக் கரையில் செய்து 1979-ல் வெளியிட்ட சோதனை. நல்ல மேடும் முனையும் உள்ள சங்குகளை எடுத்து, சிலவற்றின் மேடுகளை மட்டும் அராவிவிட்டு, முள்பேத்தை மீனுக்குக் கொடுத்தார். சங்கை வாயில் போட்டு நொறுக்கித் தின்னும் தாடை அதற்கு. அராவிய சங்குகள் சுலபமாக நொறுங்கின. மேடுள்ளவை தப்பின. முள்ளும் மேடும் இருந்தால் சங்கு மீனின் வாய்க்குப் பெரிதாகிவிடுகிறது. தாடையின் அழுத்தம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவுகிறது. இறங்கும் இடமும் ஓட்டின் தடித்த பகுதியாக இருக்கிறது. முள் குத்தி மீனை விரட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். குத்துவதைவிட, வாய்க்குள் அடங்காமல் இருப்பதுதான் பெரிய உதவி.

இந்த இடத்தில் கீராட் வெர்மை பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நெதர்லாந்தில் 1946-ல் பிறந்தவர். மூன்று வயதிலேயே பார்வை போய்விட்டது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்தவர். சங்குகளை விரலால் தடவியே படித்தார். உடைந்து பிறகு ஒட்டி வளர்ந்த தழும்பு, தடித்த விளிம்பு, குறுகிய வாய், முள் எல்லாம் அவர் விரலுக்குத் தெரிந்தன. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் ஓடு உடைக்கும் நண்டும் மீனும் பெருகப் பெருக, சங்குகளும் மேலும் மேலும் கோட்டையாக மாறின என்ற கருத்தை 1977-ல் முன்வைத்தார். இன்று அது கடல் உயிர் வரலாற்றின் முக்கியமான பாடம். உங்கள் மகள் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சங்கை ஒருமுறை மெதுவாகத் தடவிப் பார்க்கட்டும்.

சீப்புச் சங்கு விஷயத்தில் முள்ளுக்கு இன்னொரு வேலையும் சொல்கிறார்கள். சங்கின் வாய் கீழே இருக்கும்படி வைத்தால் ஒரு வரிசை வலப்பக்கம், ஒரு வரிசை இடப்பக்கம், ஒன்று முதுகின் மேல் நிற்கும். பக்கத்து வரிசைகள் இரண்டும் சேற்றின் மேல் விரிந்து கிடப்பதால் சங்கு புதையாமல் மிதந்த மாதிரி நிற்கிறது. சங்கின் வாயிலிருந்து கீழ்நோக்கி ஒரு நீளக் குழாய் போகிறதே, அதன் வழியாகத்தான் தண்ணீரை உள்ளே இழுத்து இரையின் வாசனை பிடிக்கிறது. அதுவும் சேற்றில் மூழ்கிவிடக் கூடாது. ஆனால் எல்லாவற்றையும் முள்ளின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. இதே குடும்பத்தில் ஹாஸ்டெல்லம் என்ற இனம் அதே நீளக் குழாயோடு, ஏறக்குறைய முள்ளே இல்லாமல் நன்றாகத்தான் வாழ்கிறது. முள் ஒரு வழி, தடித்த ஓடு இன்னொரு வழி.

வேட்டைக்கு வருவோம். இரை பெரும்பாலும் மட்டி, சிப்பி. ஓட்டை மூடிக்கொண்டு கிடக்கும் மட்டியை நத்தை என்ன செய்ய முடியும் என்று தோன்றும். குடும்பத்தில் ஆளுக்கொரு முறை இருக்கிறது. சிலது காலால் இறுகப் பிடித்து இழுத்தே திறக்கும். சிலது தன் ஓட்டின் விளிம்பை வைத்து மட்டியின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். பலது துளை போடும். அந்தத் துளை போடும் விதத்தையும் முக்கியமாக ஆராய்ந்தவர் அதே கேரிக்கர்தான். நத்தையின் காலில் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதை மட்டியின் ஓட்டில் அரைமணி நேரம் போல வைத்து அழுத்தினால் அதிலிருந்து வரும் திரவம் சுண்ணாம்பை இளக்குகிறது. பிறகு ராடுலா என்ற அரம் போன்ற நாக்கு ஒரு நிமிடம் போல அந்த இடத்தைச் சுரண்டுகிறது. மறுபடி திரவம், மறுபடி அரம். மணிக்கணக்கில், தடித்த ஓடானால் நாட்கணக்கில் இது நடக்கும். துளை விழுந்ததும் துதிக்கை போன்ற வாயை உள்ளே விட்டுச் சதையைத் தின்னும். சொந்த முள்ளைக் கரைக்கும் திறமையும் இரையின் ஓட்டைக் கரைக்கும் திறமையும் ஒரே குடும்பத்துக்குள் இருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறை கடற்கரைக்குப் போனால் ஒதுங்கிக் கிடக்கும் மட்டி ஓடுகளைப் பொறுக்கிப் பாருங்கள். சிலவற்றில் யாரோ துளைக்கருவி வைத்துப் போட்டது போல வட்டத் துளை இருக்கும். பிள்ளைகள் நூல் கோத்து மாலை போடுவார்கள். துளையின் சுவர் நேராக இறங்கினால் அது முள்ளிக் குடும்பத்தின் வேலை. மேலே அகலமாகவும் உள்ளே குறுகியும் கிண்ணம் மாதிரி சரிந்திருந்தால், மணலுக்குள் ஊர்ந்து வேட்டையாடும் நிலாச்சங்கு என்ற வேறொரு குடும்பத்தின் வேலை.

விஷம் பற்றிப் பயப்பட வேண்டாம். முள்ளில் விஷப்பை கிடையாது, குத்தினால் சாதாரணக் காயம்தான். உயிருள்ள முள்ளியின் உடம்பில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் முரெக்சின் என்ற, தசையைத் தளர்த்தும் பொருள் உண்டு. இத்தாலிய விஞ்ஞானி விட்டோரியோ எர்ஸ்பாமர் கண்டது. ஆனால் அது முள் வழியாக வருவதில்லை, காய்ந்த ஓட்டிலும் இருக்காது. உண்மையில் பயப்பட வேண்டியது கூம்புச் சங்குக்கு. அது உயிரோடு இருக்கும்போது கையில் எடுத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் உயிருள்ள கூம்புச் சங்கைத் தொடக் கூடாது என்று மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அந்தச் சுரப்பிதான் மத்தியதரைக் கடல் முள்ளிகளுக்கு வினையாக வந்ததும். இன்றைய லெபனானில் உள்ள டயர் என்ற பழைய நகரத்தின் ஊதாச் சாயம் அதிலிருந்து எடுத்தது. 1909-ல் பால் ஃப்ரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் அந்தச் சாயம் என்ன பொருள் என்று கண்டுபிடிக்க 12,000 நத்தைகளைச் செலவழித்தார், கிடைத்தது 1.4 கிராம். நம் பக்கத்து யானை முள்ளிக்கு வேறு விதமான விலை. அதன் கதவான மூடியைச் சங்கு நகம் என்பார்கள், வாசனைப் பொருளாக ஊதுவத்தித் தொழிலுக்குப் போகிறது.

வாங்கியது சரியா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-ல் சேர்த்த 24 மெல்லுடலிகளில் முரெக்ஸ் இனங்கள் இல்லை, எனவே சட்டப்படி உங்கள் மேல் தவறில்லை. ஆனால் அதே கடைகளில் கொம்பு ஹெல்மெட் சங்கு, ட்ரைட்டன் சங்கு, நாட்டிலஸ் ஆகியவற்றைக் காட்டினால் வாங்காதீர்கள். அவை அந்தப் பட்டியலில் உள்ளவை. முள்சங்கிலும் ஒரு விஷயம் எனக்கு மனசை உறுத்தும். செத்துக் கடலில் உருண்ட ஓட்டில் முள் தங்காது. முள் அத்தனையும் முழுசாக இருந்தால், பெரும்பாலும் அது உயிரோடு எடுத்ததுதான். ஒன்று வீட்டில் இருக்கிறது, போதும். இரண்டாவது வேண்டாம் என்பது என் கருத்து.

இருப்பதைப் பத்திரமாக வையுங்கள். தூசி போக மெல்லிய தூரிகை போதும், அமிலம், பிளீச் எதுவும் கூடாது. முள் முன்பே உடைந்து பிசின் வைத்து ஒட்டியிருந்தால் அந்த மூட்டில் வாய்க்கால் தொடராமல் நின்றுவிடும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

கடைசியாக மகளுக்கு. சங்கின் நுனி மேலே, வாய் உன்னைப் பார்த்து இருக்கும்படி பிடித்துக்கொள். வாய்க்கு வலப்பக்கம் நிற்பது அது கடைசியாகக் கட்டிய முள் வரிசை. இனி வளர்ந்திருந்தால் அங்கிருந்து உன் பக்கமாகத் திரும்பி இடதுபுறம் நோக்கி வந்திருக்கும். வாய்க்கு இடப்பக்கம் ஒரு முள் வரிசை நிற்கிறதே, அடுத்ததாகக் கரைய வேண்டியது அதுதான். அதன் அடியில் ஒரு டார்ச்சை அடித்து, கரையத் தொடங்கிய குட்டை முள் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்.